ஆட்குறைப்பு இழப்பீடு: பணத்தைக் கேட்கும் முன் நாளை எண்ணுங்கள்

மார்த்தாண்டம் பக்கத்து அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) ஆகட்டும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஆகட்டும், நாகர்கோவில் வலைக் கம்பெனியோ துணிக்கடையோ ஆகட்டும், ஆளை நிறுத்தும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். எழுத்தில் எதுவும் வராது. "நாளையிலேர்ந்து வரண்டாம், தேவைப்பட்டா கூப்பிடுவோம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் காத்திருந்துவிட்டு, "சரி, கணக்கையாவது முடிச்சுத் தாங்க" என்று போய் நிற்பார் தொழிலாளி. வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இழப்பீடு என்பது வேலை போன பிறகு கெஞ்சி வாங்கும் தொகை அல்ல. ஆளை நிறுத்துகிற அன்றே முதலாளி கையில் கொடுத்திருக்க வேண்டிய தொகை. கொடுக்காமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே சட்டப்படி செல்லாது. 1960இல் பம்பாய் மருத்துவமனைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆகவே இழப்பீடு கிடைக்காத தொழிலாளி கேட்க வேண்டியது இழப்பீட்டை மட்டும் அல்ல. மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, இடைப்பட்ட காலச் சம்பளம் மூன்றையும் கேட்கலாம். கடைசியில் பணமாகவே முடியட்டும். இங்கிருந்து பேசத் தொடங்குபவருக்கும் "கணக்கை முடிச்சுத் தாங்க" என்று தொடங்குபவருக்கும் கிடைக்கிற தொகை ஒன்றாக இருக்காது.

எந்தச் சட்டம்?

21.11.2025 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிறுத்தப்பட்டவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 25எஃப். அதற்குப் பின் நிறுத்தப்பட்டவர்களுக்குப் புதிய தொகுப்பின் பிரிவு 70. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: காரணம் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஒரு மாத அறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம்; அதோடு, பணிபுரிந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதுவும் ஓர் ஆண்டாகக் கணக்காகும். அரசுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆனால் அரசுக்கு அறிவிக்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்கை ஓட்டாதீர்கள். அது நிறுத்தத்துக்கு முன்நிபந்தனை அல்ல என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாறியவற்றில் மூன்று விஷயம் உங்களைத் தொடும். முதலாவது காலவரம்பு. பழைய சட்டத்தில் தனித் தொழிலாளி மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். புதியதில் இரண்டே ஆண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் இரண்டு ஆண்டை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, அரசின் முன்அனுமதி பெற்றுத்தான் ஆட்குறைப்பு செய்ய வேண்டும் என்ற கட்டாயம். ஆலை, தோட்டம், சுரங்கத்தில் 100 பேர் இருந்தாலே இது பொருந்தியது. இப்போது 300 பேர் வேண்டும். மூன்றாவது, மறுதிறன் நிதி. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளியின் வங்கிக் கணக்கில் கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாளுக்கானது 45 நாளுக்குள் வர வேண்டும். இது இழப்பீட்டுக்கு மேலே தனி.

50 பேருக்குக் குறைவான இடத்தில் இழப்பீடே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அந்த 50 கணக்கு 'லே-ஆஃப்' எனப்படும் தற்காலிக வேலையிழப்பு ஈட்டுத்தொகைக்கானது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏழு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கும் பொருந்தும்.

நீங்கள் இதற்குள் வருகிறீர்களா?

உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். மேற்பார்வையாளர் என்றால் ஊதிய வரம்பு உண்டு: பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய், புதியதில் 18,000. 'சூப்பர்வைசர்' என்று அடையாள அட்டையில் அச்சடித்துவிட்டாலே மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார். விடுப்பு தரும் அதிகாரம், ஆளைத் தண்டிக்கும் அதிகாரம் இருந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ரப்பர் பாலை எடை போட்டு நோட்டில் எழுதுபவர் எழுத்தர்தான்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் இந்த வழியில் போக முடியாது. ஆசிரியர் இச்சட்டப்படி தொழிலாளி அல்ல என்பது 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதே பள்ளியின் வேன் ஓட்டுநரும் அலுவலக எழுத்தரும் போகலாம். இங்கே நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அறக்கட்டளைகளும் திருச்சபைகளும் நடத்தும் மருத்துவமனைகளும் இல்லங்களும் இங்கே நிறைய. பழைய சட்டத்தில், 1978ஆம் ஆண்டு பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கின்படி, அவையும் பொதுவாகத் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தன. புதிய தொகுப்போ, முழுவதும் அல்லது பெருமளவு தொண்டு, சமூகசேவை, அறப்பணியில் ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை வெளியே வைத்துவிட்டது. 'பெருமளவு' என்ற சொல்லில்தான் வாதம் நடக்கும். கட்டணம் வாங்கிய ரசீது, விலைப் பட்டியல், விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் வீடு இங்கே இருந்தாலும் கேரளத் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். வேலை பார்த்த இடமே கணக்கு. மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரயில்வே, வங்கி போன்றவற்றுக்கு மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பு.

நிறுத்திய விதத்தையும் பாருங்கள். விசாரணை நடத்தி ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கினால் அது ஆட்குறைப்பு அல்ல. இழப்பீடு வராது, ஆனால் நீக்கமே தவறு என்று வழக்காடலாம். நீங்களாக விலகியது, ஓய்வு வயது, குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்தது, பழைய சட்டத்தில் நீடித்த உடல்நலக் குறைவுக்காக நிறுத்தியது ஆகியவையும் ஆட்குறைப்பு அல்ல. மற்றபடி எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் ஆட்குறைப்புதான் என்பது 1976ஆம் ஆண்டு ஸ்டேட் வங்கி வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். 1990இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. பதிவேட்டில் இருந்து பேரை வெட்டுவதும் இதில் அடங்கும்.

முதல் வாரம்

வரவேண்டாம் என்று சொன்ன மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வாசலுக்குப் போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் சண்டை போடாமல் திரும்பி, அன்றே கடிதம் எழுதுங்கள். "அவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்" என்பதுதான் எதிர்த்தரப்பு எழுதப்போகும் பதில். ஒரு வாரம் சும்மா இருந்தால் அந்தப் பதிலுக்கு நீங்களே உயிர் கொடுக்கிறீர்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் 12.06.2017 முதல் உங்கள் நிறுவனத்தில் தோல் உரிக்கும் பிரிவில் தொடர்ந்து வேலை செய்து வருகிறேன். 10.03.2026 மாலை, மறுநாள் முதல் வேலை இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. 11.03.2026 காலை 8 மணிக்கு வேலைக்கு வந்தபோது உள்ளே அனுமதிக்கவில்லை. எழுத்து மூலமான அறிவிப்போ, அறிவிப்புக் காலச் சம்பளமோ, இழப்பீடோ தரப்படவில்லை. நான் வேலையை விட்டு விலகவில்லை. இன்றும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். உடனே வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, நேரம், பிரிவு மூன்றும் இருக்க வேண்டும். "கணக்கை முடித்துத் தரவும்" என்ற வரி இருக்கவே கூடாது. அது விலகல் கடிதமாக வாசிக்கப்படும். ஒப்புகையோடு கூடிய ஸ்பீட் போஸ்டில் ஆலை முகவரிக்கு ஒன்று, உரிமையாளர் அல்லது தலைமை அலுவலக முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத கவர்தான் சான்றாவணம்.

முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகவோ இனிக் கோரிக்கை ஏதும் இல்லை என்றோ எழுதிய தாளில், வெற்றுத் தாளில், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வேண்டாம். வீட்டில் அடுப்பு எரிய அந்தப் பணம் வேண்டும் என்றால், வாங்கிக்கொண்டு கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபணையுடன், பகுதித் தொகையாகப் பெற்றேன்" என்று உங்கள் கையாலேயே எழுதி, அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லையா? அன்று மாலையே அதைச் சொல்லி இன்னொரு கடிதம்.

நாள் கணக்கு

இழப்பீடு கேட்க ஓராண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். அதைக் காட்ட இரண்டு வாசல் உண்டு. இரண்டாவது வாசலான 240 நாளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். முதல் வாசல் இன்னும் அகலமானது: இடைமுறியாத பணி. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டப்படியான வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறின்றி வேலை நின்றது ஆகியவற்றால் பணி முறிந்ததாகக் கொள்ளக்கூடாது. பச்சைக் கொட்டை வரத்து இல்லாமல் அண்டியாபீஸ் இரண்டு மாதம் மூடிக்கிடந்தால் அது உங்கள் தவறா? மழையில் பால்வெட்டு நின்றால் உங்கள் தவறா? மனுவில் முதலில் இதை எழுதுங்கள். பலரும் 240ஐ மட்டும் எழுதிவிட்டு, 228 நாளில் தோற்கிறார்கள்.

240 என்பது நிறுத்திய தேதியில் இருந்து பின்னோக்கி 12 மாதத்துக்கு. ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. 10.03.2026 கடைசி வேலைநாள் என்றால் 11.03.2025 முதல் எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக ஒருவருடைய வருகை அட்டை:

மார்ச் 11 முதல் 15 நாள், ஏப்ரல் 19, மே 18, ஜூன் 14, ஜூலை 15, ஆகஸ்ட் 20, செப்டம்பர் 21, அக்டோபர் 17, நவம்பர் 16, டிசம்பர் 19, ஜனவரி 17, பிப்ரவரி 18, மார்ச் 10 வரை 7. கூட்டினால் 216.

இதைப் பார்த்ததும் "240 இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். இன்னும் எண்ணி முடிக்கவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை நாள் ஐந்தும் தமிழ்நாட்டுச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. மொத்தம் 9, ஆக 225. முந்தைய ஆண்டு சேர்ந்த ஈட்டிய விடுப்பைச் சம்பளத்தோடு 11 நாள் எடுத்தார், 236. ஜூலையில் வேலையிடத்தில் கை வெட்டுப்பட்டு 8 நாள் இஎஸ்ஐ விபத்து விடுப்பு, 244. நிபந்தனை நிறைவேறியது. மகப்பேறு விடுப்பும் இப்படிச் சேரும். மாதச் சம்பளக்காரர்களுக்கு, சம்பளம் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமைகளும் சேரும். 1985ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கு அதற்குத்தான். தினக்கூலிக்கு ஞாயிறு சம்பளம் இல்லையென்றால் சேராது.

சாதாரணக் காய்ச்சலுக்கு எடுத்த சம்பளமில்லா விடுப்பு இந்த 240இல் சேராது. ஆனால் முதல் வாசலில் பணியை முறிக்கவும் செய்யாது. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டால் குறுக்கு விசாரணையில் மாட்டுவீர்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிமேல்தான். 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படிச் சொல்கிறது. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதைக் கொஞ்சம் இளக்கியது: தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, கையில் இருக்கும் ஆவணத்தைக் காட்டி, மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி மனுப்போட்டால், கொண்டுவராத முதலாளிக்கு எதிராக நீதிமன்றம் ஊகம் கொள்ளலாம். ஆனால் பதிவேட்டைக் கேட்டு இடைமனு போட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு ஊகத்தை எதிர்பார்க்க முடியாது.

கையில் இருக்க வேண்டிய ஆதாரங்களில் முதலிடம் இஎஸ்ஐ பங்களிப்பு விவரத்துக்கு. மாதம் எத்தனை நாளுக்குக் கூலி கொடுத்ததாக முதலாளியே அரசிடம் சொல்லியிருக்கிறார் என்பது அதில் இருக்கும். அது கூலி கொடுத்த நாள். சம்பள விடுமுறை அதிலேயே சேர்ந்திருக்கலாம், இரண்டு தடவை எண்ணாதீர்கள். அடுத்தது பிஎஃப் கணக்கின் பணி வரலாறு. வேலை போன பின்பும் இவை இரண்டையும் போனிலேயே எடுக்கலாம். உடனே எடுத்து அச்சடித்து வையுங்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், வாராந்தரக் கூலிக் கவர், போனஸ் ரசீது, எடைச் சீட்டு, செக்ரோல் எனப்படும் தோட்டத்து வருகைப் பதிவேட்டுப் பக்கத்தின் படம், "நாளை அரை நாள் மட்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவல் எல்லாமே உதவும். வாட்ஸ்அப்பைப் படமெடுத்தால் மட்டும் போதாது. அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் பிடிக்காத இடம் என்றால்? உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியம்தான். அங்கேயே இன்னும் வேலையில் இருப்பவர் வரமாட்டார். ஏற்கெனவே நின்றவரைத் தேடுங்கள்.

தொகை எவ்வளவு?

மாதச் சம்பளம் என்றால் நிறுத்தத்துக்கு முந்தைய மூன்று முழுக் காலண்டர் மாதங்களின் சராசரி. வாரக்கூலி என்றால் நான்கு முழு வாரம். தினக்கூலி என்றால் முழுதாக வேலை செய்த 12 நாள். அப்படிக் கணக்கிட முடியாவிட்டால் உண்மையில் வேலை செய்த காலத்தின் சராசரி.

மாதச் சம்பளக்காரர் ஒருவர் 8 ஆண்டு 7 மாதம் வேலை செய்தார். கடைசி மூன்று மாதம் 14,200, 14,800, 14,500. சராசரி 14,500. 15 நாள் என்பது அதில் பாதி, 7,250. ஏழு மாதம் ஆறைத் தாண்டியதால் 9 ஆண்டு. 7,250 × 9 = 65,250. அறிவிப்புக் காலச் சம்பளம் 14,500 சேர்த்து 79,750 ரூபாய்.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குவது கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) உரிய கணக்கு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அது பொருந்தாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 26ஆல் வகுத்து மனுப்போட்டால் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு ஆறு மாதம் இழுக்கும்.

தினக்கூலிக்கு எளிது: 12 நாள் கூலி 4,680 என்றால் நாள் சராசரி 390, ஓராண்டுக்கு 5,850, 10 ஆண்டு 8 மாதத்துக்கு, அதாவது 11 ஆண்டுக்கு, 64,350. வாரக்கூலியில் ஆறால் வகுப்பதா ஏழால் வகுப்பதா என்று இழுப்பார்கள். ஆறு நாள் உழைப்புக்குத்தான் அந்தக் கூலி. ஆறால் வகுத்தே எழுதுங்கள். சட்டம் சொல்வது கொடுக்கப்பட்ட ஊதியம் அல்ல, கொடுக்கப்பட வேண்டிய ஊதியம். கிலோ கணக்கில் கிடைத்தது உங்கள் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே என்றால், அந்தக் குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கிராஜுவிட்டி இதில் கழியாது. அது வேறு சட்டம், வேறு பணம், வேறு மனு. மேலே சொன்ன மாதச் சம்பளக்காரருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்றால் 12,000 × 15 ÷ 26 × 9 = 62,308 ரூபாய் தனியாக வர வேண்டும். நிலுவைச் சம்பளம், விடுப்புச் சம்பளம், போனஸ் ஆகியவையும் தனித்தனி. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி நிலுவை ஊதியத்தை நீக்கிய இரண்டு வேலைநாளுக்குள் தீர்க்க வேண்டும்.

ஆலை மூடப்பட்டால் இதே விகிதத்தில்தான் இழப்பீடு. முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் மூடியது என்றால் மட்டும் மூன்று மாதச் சராசரி ஊதியம் உச்சவரம்பு. நட்டம், கடன், சரக்கு விற்காமல் தேங்கியது ஆகியவை அந்தக் காரணத்தில் வராது. ஆலை கைமாறி, அதே ஆட்கள் அதே நிபந்தனையில் தொடர்ந்தால் பழைய ஆண்டுகளும் புதிய முதலாளியின் கணக்கில் ஏறும். பெயர்ப்பலகை மாற்றி "இங்கே நீ ரெண்டு வருஷம்தான்" என்பவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்.

சமரச அலுவலர் முன்

சமரசப் பணி பார்க்கும் தொழிலாளர் துறை அலுவலரிடம் மனு. அமலாக்கப் பிரிவு வேறு, சமரசப் பிரிவு வேறு. அமலாக்கத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் தாலுகாவைப் பார்க்கும் சமரச அலுவலர் யார் என்று நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு, மனுவில் எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் எழுதுங்கள்: பழைய சட்டம் என்றால் 2ஏ. கட்டணம் கிடையாது. சங்கம் இல்லாமல் தனியாளாகவே கொடுக்கலாம். பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்தத் தேதியில் இருந்து 45 நாள் கடந்தால், சமரசம் முடியாவிட்டாலும் நேரடியாக நீதிமன்றம் போகலாம்.

எதிர்மனுதாரர் பெயரில் கவனம். பலகையில் இருப்பது வணிகப் பெயர். உரிமம் வேறு பெயரில் இருக்கும். இஎஸ்ஐ, பிஎஃப் பதிவில் உள்ள பெயர், ஜிஎஸ்டி பில்லில் உள்ள பெயர், உரிமையாளர் அல்லது பங்குதாரர் பெயர், ஒப்பந்தக்காரர் இருந்தால் அவரும் அவரை அமர்த்திய முதன்மை நிறுவனமும் என எல்லாரையும் சேருங்கள். தவறான பெயரில் வாங்கிய தீர்ப்பை வைத்துப் பணம் பிடிக்க முடியாது.

இங்கே ஒரு பொறி உண்டு. பேச்சுவார்த்தையில் முதலாளி தரப்பு, "நாங்க நிறுத்தவே இல்லை, நாளைக்கே வரட்டும்" என்று சொல்லும். கோபத்தில் "இனி அங்கே போகமாட்டேன்" என்று சொல்லி அது பதிவானால் பின்சம்பளம் (இடைப்பட்ட காலச் சம்பளம்) போச்சு. "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் வேலைக்கு வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, மறுநாள் வாசலில் நில்லுங்கள். பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். அதை எழுதி அதே அலுவலரிடம் கொடுங்கள். நிறுத்தவில்லை என்ற வாதம் அன்றோடு முடிந்தது. உள்ளே விட்டார்கள் என்றால் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

சமரசத்தில் முடிப்பதானால் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தொகையையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள்: அறிவிப்புக் காலச் சம்பளம், இழப்பீடு, கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம். 'மொத்தமாக ஒரு லட்சம்' என்று எழுதினால் கிராஜுவிட்டி அதற்குள் மூழ்கிவிடும். சமரச அலுவலர் முன் கையெழுத்தான ஒப்பந்தத் தொகையைக் கொடுக்காவிட்டால் நில வருவாய் பாக்கிபோல வசூலிக்க மனுச் செய்யலாம். பழைய சட்டத்தில் அதற்கு ஓராண்டு கெடு. வெளியே டீக்கடையில் எழுதிய தாளுக்கு இந்த பலம் இல்லை.

நீதிமன்றம்

பேச்சு முறிந்தால் முறிவறிக்கை வரும். நம் மாவட்டத்துக்குத் தொழிலாளர் நீதிமன்றம் திருநெல்வேலியில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். ஆகவே நியாயமான தொகை சமரசத்திலேயே வந்தால் வாங்கிக்கொள்வது தோல்வி அல்ல. புதிய தொகுப்பு இரு உறுப்பினர் தீர்ப்பாயத்தைச் சொல்கிறது. எந்த மன்றத்தில் தாக்கல் செய்வது என்பதை முறிவறிக்கை வாங்கும்போதே அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மனு என்பது முக்கியம். நிறுத்தியதையே எதிர்ப்பதானால் வேலைநீக்கத் தகராறு. முதலாளி ஆட்குறைப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு, பணம் மட்டும் தராமல் இருந்தால் பணக் கணக்கீட்டு மனு. பழைய சட்டத்தில் 33சி(2). நிறுத்தியதையே மறுக்கும் முதலாளிமேல் 33சி(2) போட்டால் தள்ளுபடிதான். உரிமை முதலில் முடிவாகியிருக்க வேண்டும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் தவறி இரண்டு ஆண்டைத் தொலைத்தால் காலவரம்பும் போய்விடும்.

வக்கீல் செலவுக்கு வழி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12இன்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சங்க நிர்வாகியே உங்களுக்காக ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது.

விசாரணையில் நிரூபண வாக்குமூலம், சான்றாவணக் குறியீடு, குறுக்கு விசாரணை என்று போகும். வாக்குமூலத்தில் விட்டுப்போகும் ஒரு வரி: வேலை போன பிறகு வேறு நிலையான வருமானம் இல்லை என்பது. அதைச் சொல்லவில்லை என்றால் பின்சம்பளம் குறையும். இடையில் கொத்தனார் கையாளாக இருபது நாள் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிழைக்கச் செய்த சில்லறை வேலை வழக்கைக் கெடுக்காது. மறைத்தது தெரிந்தால்தான் மொத்தச் சாட்சியமும் ஆட்டம் காணும். உங்களுக்குப் பின் சேர்ந்தவர் இன்னும் வேலையில் இருந்தால் அவர் பெயரையும் சேர்ந்த தேதியையும் சொல்லுங்கள்: கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. உங்களை நிறுத்திய பின் புது ஆள் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மறுவேலையில் உங்களுக்கு முன்னுரிமை உண்டு.

வென்றால் எல்லாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தினக்கூலிக்காரர் விஷயத்தில், நடைமுறைக் குறைபாட்டால் மட்டும் நிறுத்தம் செல்லாமல் போனால், வேலைக்குப் பதில் மொத்தத் தொகை வழங்கலாம் என்று 2013ஆம் ஆண்டு பிஎஸ்என்எல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவில் மாற்றுக் கோரிக்கையாகத் தொகையையும் எழுதி, எத்தனை ஆண்டு பணி, இப்போது என்ன வயது, இனி வேறு வேலை கிடைக்குமா என்பதற்குச் சாட்சியம் வையுங்கள். ஐம்பது வயதில் தோல் உரித்துத் தேய்ந்த விரலோடு வெளியே அனுப்பப்பட்டவருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே தொகை சரியாகாது என்பதை நீதிபதி தானாக எழுதமாட்டார். நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய சட்டப்படி தீர்வம், அதாவது தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பு, அரசால் வெளியிடப்பட்ட 30 நாளில் அமலுக்கு வரும். முதலாளி மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினால், மறுவேலைத் தீர்வமாக இருக்கும்பட்சத்தில் 17பி பிரிவில் மனுப்போடுங்கள். வேறு வேலை இல்லை என்ற பிரமாணத்தோடு கேட்டால், வழக்கு முடியும் வரை கடைசியாக வாங்கிய சம்பளம் மாதாமாதம் வர வேண்டும். யாரும் மேல்முறையீட்டுக்குப் போகாமல் பணமும் தராமல் இருந்தால் வசூல் மனு: தொகை சான்றாகி ஆட்சியருக்குப் போகும், அங்கிருந்து தாசில்தாருக்கு. முதலாளியின் சொத்து எங்கே, எந்தச் சர்வே எண், எந்த வங்கிக் கணக்கு என்ற விவரத்தை நீங்களே தேடி மனுவோடு கொடுங்கள். அது இல்லாத கோப்பு தாலுகா அலுவலகத்தில் அப்படியே கிடக்கும்.

கடை, ஜவுளி, ஹோட்டல் ஊழியர்களுக்கு இன்னொரு வழி: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரையே தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்போ சம்பளமோ இன்றி நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அதற்குரிய அதிகாரியிடம் மேல்முறையீடு. 240 நாள் சேராதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். அதற்கான கெடு மிகக் குறுகியது. ஆகவே இதில் போவதா சமரசத்தில் போவதா என்பதை முதல் பத்து நாளுக்குள் முடிவு செய்துவிடுங்கள்.